ரத்தம் சேரவில்லை என்று சொன்னோம்

தம்பி,

உன் அப்பாவுக்குக் கல்லீரல் கொடுத்திருக்க வேண்டியவன் நீ. நீ கொடுக்கவில்லை, உன் தங்கை சுகன்யா கொடுத்தாள். உனக்கு ரத்தம் சேரவில்லை என்று நான் ஒரு பொய் சொன்னேன். அது பொய் என்று தெரிந்தே நீ அதை வாங்கி வைத்துக்கொண்டாய்.

இதை மூன்று தடவை குரல் பதிவாக உனக்கு அனுப்பினேன். மூன்றுக்கும் நீல டிக் விழுந்தது. கேட்டிருக்கிறாய், பதில் இல்லை. குரலில் சொல்லும்போது நான் இடையில் அழுதுவிடுகிறேன், அதுதான் உனக்குச் சாக்காகப் போயிற்று என்று நினைக்கிறேன். அம்மா உணர்ச்சிவசப்படுகிறாள், ஆறட்டும் என்று விட்டிருப்பாய். அதனால் எழுதுகிறேன். முப்பது வருஷம் அங்கன்வாடியில் பதிவேடு எழுதிய கை இது. பிள்ளை எத்தனை கிலோ இருக்கிறதோ அதைத்தான் எழுத வேண்டும், கூட்டிக் குறைத்து எழுதக் கூடாது என்று பழகியது. ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் கூட்டிக் குறைத்தேன்.

சுகன்யா திங்கட்கிழமை காலை ரயிலில் சென்னைக்குப் போகிறாள். ஏதோ கம்பெனியில் டைப்பிங் வேலை, பெண்கள் விடுதியில் தங்கப்போகிறாள். நன்னிலத்தில் இ-சேவை மையத்தில் பார்த்துக்கொண்டிருந்த வேலையை விட்டுவிட்டாள். ஏன் போகிறாய் என்று நான் கேட்கவில்லை. கேட்கும் இடத்தில் நான் இல்லை. பதினோரு நாளாக அவள் என்னோடு பேசவில்லை. சோறு போடுகிறாள், துணி துவைக்கிறாள், நான் கூப்பிட்டால் வந்து நிற்கிறாள். பேச்சு மட்டும் இல்லை. இரண்டு பேர் இருக்கும் வீட்டில் ஒருத்தி பேசாவிட்டால் மிக்ஸியின் சத்தம்கூடத் துணையாகத் தெரிகிறது, தம்பி. நேற்று தேங்காயை அரைத்து முடித்த பிறகும் கொஞ்ச நேரம் நிறுத்தாமல் ஓடவிட்டேன்.

நடந்தது இதுதான். பயிர்க் காப்பீட்டுக்குச் சிட்டா நகல் கேட்டார்கள். அப்பாவின் இரும்புப் பெட்டியில் தேடினோம். அடியில் உன் கல்லூரிக் கோப்பு இருந்தது. சான்றிதழ்களுக்கு நடுவிலிருந்து ஒரு சின்ன அட்டை விழுந்தது, கல்லூரி முகாமில் ரத்தம் கொடுத்ததற்குத் தந்த அட்டை. உன் பெயர், உன் கையெழுத்து, பக்கத்தில் பி பாசிட்டிவ். மூன்று தடவை கொடுத்ததாக மூன்று தேதி. மூன்றும் அப்பாவின் ஆபரேஷனுக்கு முந்தியவை. சுகன்யா அதைக் கையில் எடுத்து நிதானமாகப் படித்தாள்.

"அப்பாவுக்கும் பி பாசிட்டிவ்தானேம்மா?"

நான் சிட்டாவைத் தேடுவதுபோல் பெட்டிக்குள் குனிந்துகொண்டேன்.

"அண்ணனுக்குச் சேரலேன்னு சொன்னியே."

அதற்கும் நான் நிமிரவில்லை. அவள் அட்டையை இருந்த இடத்திலேயே வைத்து, கோப்பை மூடி, எழுந்து போய் உலைக்கு அரிசி களைந்தாள். அன்றிலிருந்து பேசவில்லை.

உனக்கு ஞாபகம் இருக்கிறதா என்று தெரியவில்லை, அதனால் முதலிலிருந்து சொல்கிறேன். மஞ்சள் காமாலைக் கிருமி அப்பாவின் உடம்பில் பல வருஷமாகச் சத்தமில்லாமல் இருந்து ஈரலைத் தின்றிருக்கிறது. ஒரு சொட்டுக் குடிக்காத மனுஷனை ஊரே குடிகாரன் என்றது. வயிறு வீங்கி, சென்னையில் அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோனபோது மாற்று ஈரல் வைப்பது ஒன்றுதான் வழி என்றார்கள். இறந்தவரிடமிருந்து கிடைக்கும்வரை காத்திருக்க நேரம் இல்லை, வீட்டில் யாராவது கொடுத்தால் உடனே செய்யலாம் என்றார் டாக்டர். எனக்கும் சுகன்யாவுக்கும் ஓ பாசிட்டிவ், யாருக்கும் கொடுக்கலாம். ஆனால் எனக்குச் சர்க்கரை, ஈரலில் கொழுப்பு. என்னை ஸ்கேன் பார்த்துவிட்டு வேண்டாம் என்றார்கள். "வேற பிள்ளைங்க இருக்காங்களாம்மா?" என்று அந்த டாக்டர் கேட்டார். அப்போது நீ பெங்களூரில் இருந்தாய். பஸ் ஏறினால் ஆறேழு மணி நேரம். நான், "பையன் வெளிநாட்டுல இருக்கான் சார், வர முடியாது" என்றேன். வாய் குழறவில்லை. கோர்வையாக வந்தது.

அதற்கு முந்தின நாள் உன் பெரியப்பா மருத்துவமனைக்கு வந்திருந்தார். வாசல் டீக்கடையில் என்னை நிற்கவைத்துப் பேசினார்.

"உன் புள்ள கொடுத்தா தப்பில்லம்மா. நான் தப்புங்கல. ஆனா அப்பனும் மவனும் ஒரே நாள்ல கத்திக்குப் படுக்குறது. நாளைக்கு ஒண்ணுன்னா கொள்ளி வைக்க ஆளு?"

"அப்படியெல்லாம் ஆகாதுங்க."

"ஆகாது. ஆனா நெனைச்சுப் பாரு. கொள்ளி வைக்கிறவன் ஒடம்புல கத்தி படலாமா? நம்ம வீட்டுல அப்படி ஒரு பழக்கம் உண்டா?"

படித்தவள்தான் நான். பிள்ளைகளுக்குத் தடுப்பூசி போடச் சொல்லி வீடு வீடாக ஏறி இறங்கியவள், ஊரில் ஆயிரம் மூடநம்பிக்கையோடு சண்டை போட்டவள். அந்த டீக்கடையில் எனக்கு வாய் வரவில்லை. பெரியப்பா சொன்னதை நான் நம்பினேன் என்று பழியை அவர்மேல் போட மாட்டேன். எனக்கு ஒரு காரணம் தேவைப்பட்டது, அவர் கொண்டுவந்து கொடுத்தார், அவ்வளவுதான். உன்னைக் கொடுக்க எனக்கு மனம் இல்லை. அவளைக் கொடுக்க இருந்தது. இதை நேற்றுவரை யாரிடமும் சொன்னதில்லை.

அன்று சாயங்காலம் உனக்கு போன் செய்தேன். "உனக்கு ரத்தம் சேராதாம்டா, டாக்டர் சொல்லிட்டாரு. பாப்பாவுக்குச் சேருது" என்றேன். உன்னை யாரும் சோதிக்கவே இல்லை, தம்பி. உன் ரத்தத்தைப் பார்க்காத டாக்டர் எப்படிச் சேராது என்று சொல்வார்? நீ உயிரியல் படித்தவன். மூன்று தடவை ரத்தம் கொடுத்தவன். அந்தப் பக்கம் உன் மூச்சு கேட்டது. பெங்களூர் ரோட்டில் ஆட்டோ போகும் சத்தம் கேட்டது. பிறகு நீ சொன்னாய்: "சரிம்மா."

அந்த ஒரு சொல்லுக்கு நான் அன்று சாமிக்கு நன்றி சொன்னேன்.

கொடுப்பவர் மனமொப்பிக் கொடுக்கிறாரா என்று விசாரிக்க ஒரு குழு உண்டு. பெரிய மேஜை, நான்கைந்து பேர், ஓரத்தில் கேமரா ஓடுகிறது. சுகன்யாவுக்கு அப்போது இருபத்தைந்து வயது. நல்ல சுடிதார் போட்டுத் தலைவாரி, வேலைக்கு இன்டர்வியூ போகிற மாதிரி உட்கார்ந்திருந்தாள். ஒரு அம்மா கேட்டார்: "யாராச்சும் வற்புறுத்துறாங்களாம்மா? பயப்படாம சொல்லு." சுகன்யா என்னைத் திரும்பிப் பார்த்தாள். "இல்ல மேடம். அண்ணனுக்குச் சேரல. அம்மாவுக்கு முடியாது. நான்தான் இருக்கேன்" என்றாள். டாக்டரிடம் நான் வெளிநாடு என்று சொன்னது அவளுக்குத் தெரியாது. பொய் சொன்னவள் நான், அது பதிவானது அவள் குரலில். அந்தக் கேமராவில் இன்னும் இருக்கும்.

நீ அந்த மருத்துவமனை வராந்தாவில் உட்கார்ந்ததே இல்லை. ஆபரேஷன் முடிந்த மூன்றாம் நாள் வந்து கண்ணாடிக்கு வெளியில் நின்றுவிட்டு, மறுநாள் புறப்பட்டாய். நாங்கள் அங்கே இரண்டு மாதம் கிடந்தோம். எங்களோடு இன்னும் ஐந்து குடும்பம். படுத்திருந்த நோயாளிகள் அத்தனை பேரும் ஆண்கள். ஈரல் கொடுத்தவர்கள் மனைவி, மனைவி, அம்மா, மனைவி, அக்கா. கடலூர்ப் பக்கத்திலிருந்து ஒரு பெண் புருஷனுக்குக் கொடுக்க வந்திருந்தாள். கூடை நாற்காலி பின்னுகிறவள், நன்றாகச் சிரிக்கச் சிரிக்கப் பேசுவாள். பாய் விரித்து உட்கார்ந்து ஒருநாள் சொன்னாள்: "எங்க வூட்ல கொழுந்தன் மூணு பேரு. மூணு பேருக்கும் ரத்தம் சேரலியாம்க்கா. இங்க விசாரிச்சேன், எல்லா வூட்லயும் ஆம்பளைங்களுக்குச் சேரலியாம். அதிசயமான ரத்தம்." எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சுகன்யாவும் சிரித்தாள், விவரம் தெரியாமல்.

ஊருக்கு வந்தபிறகு இன்னும் மோசம். அப்பாவுக்குத் தொற்று வரக் கூடாது என்று தனி அறை, தனித் தட்டு, கொதித்து ஆறிய தண்ணீர். பார்க்க வந்தவர்கள் ஆப்பிளும் ஹார்லிக்சும் கொண்டுவந்து அவர் அறை வாசலில் வைத்தார்கள். உள்ளே விடமாட்டேன் என்று தெரிந்ததும் கூடத்தில் உட்கார்ந்து அவரைப் பற்றியே பேசினார்கள். கூடத்தின் மூலையில் விலாவுக்குக் கீழே வளைந்து இறங்கிய தையலோடு ஒருத்தி படுத்திருந்தாள். அவளுக்கு ஒரு ஆப்பிள் என்று யாரும் தனியாகக் கொண்டுவரவில்லை. மூன்றாவது வாரம் பெரியப்பா வந்தார். "சுகன்யா, ஒரு டீ போடும்மா" என்றார். அவள் கையூன்றி எழுந்தாள். ஒரு கையால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் டீ போட்டுக் கொண்டுவந்து நீட்டினாள். நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். உட்காரும்மா, நான் போடுகிறேன் என்று எனக்குச் சொல்லத் தோன்றவில்லை. அந்த டம்ளரில் மிச்சம் வைத்துவிட்டுப் போனார் அவர்.

அடுத்த மாசிக்கு அடுத்த மாசியில் மன்னார்குடிப் பக்கத்திலிருந்து அவளைப் பெண் பார்க்க வந்தார்கள். தையலை மறைக்க வேண்டாம் என்று அவளே சொன்னாள். பையனின் அம்மாவிடம் நான் எல்லாவற்றையும் சொன்னேன். ஈரல் மறுபடி வளர்ந்துவிடும், இப்போது முழுசாக இருக்கிறது, ஸ்கேனில் பார்த்தாயிற்று என்றேன்.

"வெட்டுனது எங்கயாவது மொளைக்குமாங்க? வெரலு மொளைக்குதா?"

சுகன்யா கொல்லைப்பக்கம் கையைக் காட்டினாள். சம்பா அறுத்த தாள் தரையோடு நின்று, அதிலிருந்து பச்சையாகத் துளிர் கிளம்பியிருந்தது. "மறுதாம்பு வந்திருக்கு பாருங்க அத்தை. அடியோட அறுத்ததுதான்" என்றாள்.

அந்த அம்மா எட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "மறுதாம்பை மாட்டுக்குத்தான் விடுவாங்க. அதை நெல்லுன்னு சொல்லி யாரும் களத்துக்குக் கொண்டாறதில்ல."

முகக்கவசம் போட்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்த அப்பா மெதுவாகச் சொன்னார்: "அவ கொடுத்ததுலதான் நான் உக்காந்திருக்கேன்."

"உங்களுக்கு நல்லதுங்க. எங்களுக்கு?"

அன்றே உனக்கு போன் செய்தேன். அதற்குள் நீ ஈரல் ஆராய்ச்சிக்கு ஜெர்மனி போயிருந்தாய். நீ ஈரல்தானே படிக்கிறாய், அந்தப் பையனிடம் ஐந்து நிமிஷம் பேசு, உன் தங்கைக்கு ஒரு குறையும் இல்லை என்று நீ வாயால் சொன்னால் எடுபடும் என்றேன். நீ ஜெர்மனியிலிருந்து ஒரு வீடியோ இணைப்பு அனுப்பினாய். இங்கிலீஷில் இருந்தது. ஒரு வெள்ளைக்காரர் வரைபடம் காட்டினார். சுகன்யா அதை முழுவதும் பார்த்துவிட்டு, "நல்லா சொல்றாரு" என்று போனை என்னிடம் கொடுத்தாள். மன்னார்குடிக்காரர்கள் அப்புறம் வரவில்லை.

உன் வேலையை நான் குறைவாக நினைக்கிறேன் என்று எண்ணாதே. நீ சொல்லச் சொல்ல வாய் பிளந்து கேட்டவள் நான். ஒருவருடைய தோலிலிருந்தோ ரத்தத்திலிருந்தோ கொஞ்சம் செல் எடுத்து, அதை எதுவாகவும் ஆகக்கூடிய பிள்ளைப் பருவத்துக்குத் திருப்பிக் கொண்டுபோய், அப்புறம் நாளுக்கு ஒரு மருந்தாக வரிசை மாறாமல் கொடுத்து ஈரல் செல்லாக வளர்க்கிறீர்கள். "நாத்தங்கால் மாதிரிதாம்மா. பக்குவம் தப்பினா நாத்து வேற எதுவாவோ போயிடும்" என்றாய். வளர்ந்தாலும் அது கருவில் இருக்கும் குழந்தையின் ஈரல் மாதிரிதான் இருக்கிறது, பெரிய ஆளின் ஈரல் செய்கிற வேலை எல்லாம் செய்வதில்லை, தட்டில் வைத்தால் சில நாளில் தன் குணத்தை மறந்துவிடுகிறது என்றாய். இதை ஆளுக்கு எப்போது வைப்பீர்கள் என்று கேட்டேன். "தெரியலம்மா, வருஷம் ஆகும்" என்றாய். அந்தப் பதில் எனக்குப் பிடித்தது. தெரியாததைத் தெரியாது என்கிறாயே என்று பெருமையாக இருந்தது.

போன மாதம் அங்குள்ள தமிழ்ப் பிள்ளைகளுக்கு நீ பேசிய பேச்சையும் பார்த்தோம். நானும் சுகன்யாவும் ஒரே போனில். ஏன் இந்த ஆராய்ச்சிக்கு வந்தாய் என்று ஒரு சிறுமி கேட்டாள். "என் அப்பாவுக்கு ஈரல் கெட்டுப்போச்சு. ஒரு உறவினர் தானம் கொடுத்தாங்க. எல்லாருக்கும் அப்படி ஒருத்தர் கிடைக்க மாட்டாங்க இல்லையா, அதான்" என்றாய். கைதட்டினார்கள். சுகன்யா முருங்கைக் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். "உறவினராம்" என்றாள். கீரையை ஆய்ந்து முடித்தாள். நீங்கள் வளர்க்கும் செல் எந்த மனுஷருடையது என்று பெயர் தெரியாது, டப்பாமேல் ஒரு எண் மட்டும் இருக்கும் என்று நீதான் சொன்னாய். அந்த டப்பாவில் இருப்பவருக்கு ஒரு எண்ணாவது இருக்கிறது, தம்பி.

உன் ஆராய்ச்சி ஜெயிக்க வேண்டும் என்று நான் தினமும் வேண்டுகிறேன். உனக்குப் பரிசு கிடைப்பதற்காக அல்ல. அந்த வராந்தாவில் பாய் விரித்துக் கிடக்கும் பெண்கள் எழுந்து வீட்டுக்குப் போக வேண்டும். எந்த அம்மாவும் எந்தப் பிள்ளையைக் கொடுப்பது என்று டீக்கடையில் நின்று யோசிக்கக் கூடாது. ஆனால் ஒன்று சொல்கிறேன், கேட்டுக்கொள். நாளைக்கு உன் செல் மருந்தாக வந்தாலும், அது யார் வீட்டுக்கு முதலில் போகும், அந்த வீட்டில் யாருக்கு முதலில் போகும் என்று கேட்கிறவனாக இரு. கேட்காவிட்டால் அதுவும் ஆண்பிள்ளைக்குத்தான் போகும். பெண்ணுக்கு என்று வரும்போது அதுவும் சேரவில்லை என்பார்கள்.

போன தை மாதம் அப்பா போனார். சளிக் காய்ச்சல், நான்கு நாள். அவள் கொடுத்த ஈரல் கடைசிவரை நன்றாக வேலை செய்தது என்றார் டாக்டர். ஐஸ் பெட்டியில் வைத்து உனக்காகக் காத்திருக்கிறோம் என்று போனில் சொன்னேன். "இருபத்திரண்டாவது நாள்மா. தினமும் செல்லுக்குத் தண்ணி மாத்தணும். இப்ப விட்டா மொத்தமும் செத்துடும், ஆறு மாச வேலை" என்றாய். ஒரு நாள் யாரிடமாவது பார்த்துக்கொள்ளச் சொல்ல முடியாதா என்று கேட்க நினைத்தேன், கேட்கவில்லை. நீ "சரிம்மா" என்று சொன்ன அன்று நான் எப்படி மேற்கொண்டு கேட்கவில்லையோ அப்படியே.

சுகன்யா நடுக்கூடத்தில் எழுந்து நின்று, "நான் வைக்கிறேன்" என்றாள்.

"பொட்டப் புள்ள சுடுகாட்டுக்கு வர்ற வழக்கம் நம்மகிட்ட இல்லம்மா" என்றார் பெரியப்பா.

"அவரு ஒடம்புல இருக்கறது என்னுது பெரியப்பா. அதுவும் சேர்ந்துதான் எரியப்போவுது."

  பெரியப்பா தன் மகனைப் பார்த்துத் தலையசைத்தார். வாய்க்கால் தண்ணீர்ச் சண்டையில் அப்பாவோடு நாலு வருஷம் முகம் கொடுத்துப் பேசாதவன் கொள்ளிச் சட்டியைத் தூக்கினான். யாரோ உனக்கு வீடியோவில் காட்டினார்கள். முடிகொண்டான் ஆற்றங்கரைக்குப் போனதும் சிக்னல் போய்விட்டது என்றார்கள். கொள்ளி வைப்பதற்காக உன் உடம்பில் கத்தி படாமல் பார்த்துக்கொண்டவள் நான். அந்தக் கொள்ளியையும் நீ வைக்கவில்லை. அன்று சுகன்யா பக்கம் நின்று ஒரு வார்த்தை நான் பேசியிருக்கலாம். கூடத்தில் இருந்த பெண்களோடு சேர்ந்து தலையைக் குனிந்துகொண்டேன்.

இப்போது அவள் பெட்டி கட்டி முடித்துவிட்டாள். ஒரே பை. அலமாரியில் என் மாத்திரை டப்பாக்கள்மேல் துண்டுக் காகிதம் ஒட்டியிருக்கிறாள். காலை, மதியம், சாப்பிடும் முன், சாப்பிட்ட பின். அழகான கையெழுத்து. பதினோரு நாளில் எனக்காக அவள் செலவழித்த சொற்கள் அவ்வளவுதான். அதைப் போகும்போதும் வரும்போதும் படிக்கிறேன். திங்கட்கிழமைக்கு அப்புறம் இந்த வீட்டில் அதைத் தவிர எனக்குப் பேச்சுத்துணை இருக்காது. அது எனக்குக் கிடைக்க வேண்டியதுதான், உன்னைக் குறை சொல்ல மாட்டேன்.

நேற்று அவள் பின்னாலேயே கொல்லைக்குப் போய் என் பங்கை நான் சொல்லிவிட்டேன். டாக்டரிடம் சொன்ன பொய், டீக்கடை, மனம் வராதது, எல்லாம். கொடியில் துணி காயப்போட்டுக்கொண்டே கேட்டாள். என் புடவையை உதறி, மடிப்பு நீவி, கிளிப் மாட்டினாள். பதினோரு நாளில் முதல் தடவையாக ஒன்றே ஒன்று கேட்டாள்: "அண்ணனுக்குத் தெரியுமா?"

அதற்கு நான் பதில் சொல்லவில்லை. அது நான் சொல்ல வேண்டிய பதில் இல்லை. இனிமேல் உனக்காக ஒரு வாக்கியம்கூட நான் பேசப்போவதில்லை.

ஞாயிற்றுக்கிழமை முழுவதும் அவள் வீட்டில் இருப்பாள். நீ வீடியோவில் கூப்பிடு. போனை அவள் பக்கத்தில் வைத்துவிட்டு நான் வெளியில் போய்விடுவேன். அப்பா, ஆராய்ச்சி, அறிவியல் எதுவும் வேண்டாம். அன்று தெரிந்தே எனக்குச் சொன்ன அந்த "சரிம்மா"வை எடுத்து, அவள் முகத்தைப் பார்த்து, அவளிடம் சொல்.